உக்ரைன்: பில்லியன்களும் கிலோமீட்டர்களும் – கடிதம்

வணக்கம் சார்,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். உக்ரைன் போரை முதல் நாளிலிருந்து விடாமல் கவனித்து வருகிறேன். ஆரம்பத்தில் செய்தியாகத்தான் பார்த்தேன், இப்போது பழக்கமாகவே ஆகிவிட்டது. ராத்திரி யூடியூபில் போர்முனை வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். வீட்டில் கிண்டல் செய்கிறார்கள்.

என் சந்தேகம் இதுதான். அமெரிக்கா மட்டும் 350 பில்லியன் டாலர் கொடுத்தது என்று ட்ரம்ப் சொல்கிறார். ஐரோப்பா கொடுத்தது தனி. ஜாவலின் ஏவுகணை, ஹைமார்ஸ் ராக்கெட், லெப்பர்ட், ஆப்ராம்ஸ் டாங்குகள், எஃப்-16 விமானம் என்று ஒவ்வொன்று வந்தபோதும் ‘இனி ஆட்டமே வேறு’ என்றார்கள். ஆனால் 2022 கடைசிக்குப் பிறகு வரைபடத்தில் கோடு பெரிதாக நகரவில்லை. நகர்ந்தாலும் ரஷ்யாவுக்குச் சாதகமாகத்தான் நகர்கிறது. அப்படியென்றால் இந்தப் பணமெல்லாம் எங்கே போனது? உதவியே கொடுக்காமல் இருந்திருந்தால் போர் எப்போதோ முடிந்து, இத்தனை லட்சம் பேர் சாகாமல் இருந்திருப்பார்கள் அல்லவா?

எங்கள் ஊருக்கும் இதில் அடி விழுந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரியில் பாதி, இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கு அபராதம். எங்கள் அமெரிக்க பையர் ஆர்டரை நிறுத்தி வைத்தார். தையல் லைன்கள் சும்மா கிடந்தன. யாரோ போடும் சண்டைக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?

இன்னொன்று. ஒரு சேனல் விழுந்துவிட்டது என்று சொல்லும் ஊர் இன்னொரு சேனலில் விழாமலே இருக்கிறது. எந்த வரைபடத்தைப் பார்ப்பது?

எஸ்.,
திருப்பூர்

*

அன்புள்ள எஸ்.,

350 பில்லியனிலிருந்து தொடங்குகிறேன். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் உங்களுடைய மற்ற எந்தக் கேள்விக்கும் பதில் சரியாக வராது.

அமெரிக்கக் காங்கிரஸ் 2022 முதல் 2024 வரை ஐந்து சட்டங்கள் வழியாக உக்ரைன் பெயரில் ஒதுக்கியது சுமார் 175 பில்லியன் டாலர். அதில் ராணுவ உதவியாகப் போனது சுமார் 67 பில்லியன் என்று அந்நாட்டு வெளியுறவுத் துறையே 2025 தொடக்கத்தில் கணக்குக் காட்டியது. அரசு ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், அகதிகள் என்று வேறு செலவுகளும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஆறு மாத இழுபறிக்குப் பிறகு 2024 ஏப்ரலில் நிறைவேறிய மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்புச் செய்தியில் அது 61 பில்லியன். பிரித்துப் பார்த்தால், அதில் சுமார் 23 பில்லியன் அமெரிக்க ராணுவம் தன் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கு ஈடாகத் தனக்கே புதிதாக வாங்கிக்கொள்வதற்கு. சுமார் 11 பில்லியன் அந்தப் பகுதியில் அமெரிக்கப் படைகளின் நடவடிக்கைகளுக்கு. உக்ரைனுக்கென்று புதிதாக ஆயுதம் ஆர்டர் செய்ய ஒதுக்கியது சுமார் 14 பில்லியன். அந்த ஆர்டரும் பெரும்பாலும் அமெரிக்க ஆலைகளுக்குத்தான் போகும்.

கிடங்கிலிருந்து கொடுத்த சரக்குக்கு என்ன விலை போடுவது என்பதிலேயே பென்டகன் தடுமாறியது. பல ஆண்டு ஓடித் தேய்ந்த வண்டியைக் கொடுத்துவிட்டு, இன்று புதிதாக வாங்கினால் என்ன விலையோ அதைச் செலவில் எழுதி வைத்திருந்தார்கள். 2023 ஜூனில் அதைத் திருத்தியபோது 6.2 பில்லியன் டாலர் ‘மிச்சம்’ வந்தது. கூடுதலாக ஒரு குண்டுகூடச் செய்யாமல், பேனாவைக் கொண்டே 6.2 பில்லியன்! அந்த மிச்சத்தை வைத்து மேலும் சரக்கு அனுப்பினார்கள் என்பது உண்மைதான். ஆனால் இந்த எண்களைப் போர்முனைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து ‘பில்லியனுக்கு எத்தனை கிலோமீட்டர்’ என்று வகுத்துப் பார்ப்பது வெட்டி வேலை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நான் பார்ப்பது வேறு. எந்தப் பொருள் எந்த மாதம் வந்தது, அந்த மாதம் எதிரி எந்த நிலையில் இருந்தான்? உங்கள் வரைபடத்தின் கோடு ஏன் ஓடியது, ஏன் நின்றது என்பதற்கு ஏறத்தாழ முழு விடையும் இதில் கிடைக்கும்.

தெற்கு உக்ரைனில் இருக்கும் கெர்சோனைப் பாருங்கள். ஹைமார்ஸ் ராக்கெட் லாரிகள் உக்ரைனுக்கு வந்தது 2022 ஜூன் கடைசியில். முதலில் வந்தவை நான்கே நான்கு. 80 கிலோமீட்டர் வரை சொன்ன இடத்தில் போய் விழும் ராக்கெட் அது. அப்போது ரஷ்யர்கள் தங்கள் குண்டுகளை எல்லாம் ரயில் நிலையங்களை ஒட்டிப் பெரிய பெரிய குவியலாக, போர்முனைக்கு வெகு அருகிலேயே வைத்திருந்தார்கள். அவ்வளவு தூரம் துல்லியமாக அடிக்கும் ஆயுதம் அதுவரை உக்ரைனிடம் அதிகம் இல்லை, அதனால் ஒளிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு வரவில்லை. ஜூலை முழுக்க அந்தக் குவியல்கள் இரவில் வெடித்தன. பிறகு அந்தோனிவ்கா பாலம். தினிப்ரோ நதியின் மேற்குக் கரையில் இருந்த ரஷ்யப் படைக்குச் சோறும் குண்டும் போகும் முக்கிய வழி அது, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஹைமார்ஸ் அதை இடித்துத் தள்ளவில்லை. 90 கிலோ வெடிமருந்துத் தலைக்கு அவ்வளவு பெரிய பாலம் விழாது. ஆனால் சாலைத் தளத்தில் ஒரே வரிசையாக ஓட்டை போட்டார்கள். ரஷ்யர்கள் அடைத்தால் மறுபடி போட்டார்கள். ஆள் நடந்து போகலாம், கனரக லாரி போக முடியாது. பாலத்தின் அடியிலேயே மிதவைப் படகு விட்டார்கள் ரஷ்யர்கள். அதையும் அடித்தார்கள். நவம்பரில் மாஸ்கோவே பின்வாங்கலை அறிவித்தது. நவம்பர் 11 அன்று உக்ரைன் படை கெர்சோன் நகருக்குள் நுழைந்தது. போகிற போக்கில் அந்தப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தவர்கள் ரஷ்யர்கள்தான்.

அதே ஹைமார்ஸ் 2023இல் அந்த வேலையைச் செய்யவில்லை. ரஷ்யர்கள் கிடங்குகளைச் சிதறடித்தார்கள், பின்னுக்கு இழுத்தார்கள், ஜி.பி.எஸ். சிக்னலைக் குழப்பும் கருவிகளைப் போர்முனை நெடுகிலும் நிறுத்தினார்கள். அமெரிக்காவின் எக்ஸ்காலிபர் என்ற ஜி.பி.எஸ். பீரங்கிக் குண்டு, வந்த புதிதில் இலக்குத் தப்பாமல் விழுந்தது. ஓரிரு ஆண்டுக்குள் பத்தில் ஒன்றுகூட இலக்கில் விழாத நிலைக்கு வந்தது என்று உக்ரைனின் உள் ஆய்வுகள் சொன்னதாக 2024இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. ஆயுதம் மாறவில்லை. எதிராளி பாடம் படித்துவிட்டான்.

உங்கள் ‘ஆட்டமே வேறு’ பட்டியலில் அதிகம் அடிபட்ட பெயர் லெப்பர்ட்தான். கார்கிவ் பகுதியில் ரஷ்ய வரிசை சரிந்து இசியூமும் குபியான்ஸ்க்கும் மீண்டது 2022 செப்டம்பரில். ரஷ்யாவிடம் அப்போது ஆள் இல்லை, அகழி இல்லை. மூன்று லட்சம் பேரைத் திரட்டும் ஆணையைப் புதின் பிறப்பித்ததே அதற்குப் பிறகுதான். கவச வண்டி கேட்டு கீவ் கதறிய காலம் அது. ஜெர்மனி யோசித்தது. 2023 ஜனவரி 20 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானத் தளத்தில் உதவி நாடுகள் கூடிய கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. ஐந்து நாள் கழித்து ஜெர்மனியின் அப்போதைய தலைவர் ஷோல்ஸ் சம்மதித்தார், அமெரிக்காவும் 31 ஆப்ராம்ஸ் தருவதாகச் சொன்னது. வண்டிகளைப் பங்கிட்டு, ஆள் பயிற்றுவித்து, பிரிகேடு என்ற சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவுகளை அமைத்துத் தாக்குதல் தொடங்கும்போது ஜூன். இடைப்பட்ட மாதங்களில் சபோரிஜியா வயல்களில் ரஷ்யர்கள் தோண்டியது அகழி மேல் அகழி, டாங்க் தடுப்புப் பள்ளம், கான்கிரீட் பற்கள், அதற்கெல்லாம் முன்னால் கண்ணிவெடி. ஆப்ராம்ஸ் வந்து சேர்ந்ததோ தாக்குதல் ஓய்ந்துகொண்டிருந்த இலையுதிர் காலத்தில். உங்கள் தொழிலில் வைத்துச் சொன்னால், கிறிஸ்துமஸ் சீசனுக்குப் போக வேண்டிய சரக்கு ஜனவரியில் துறைமுகம் சேர்ந்த கதை. துணியில் குறை கிடையாது, தையலிலும் கிடையாது.

ஜூன் 8 அன்று மாலா தொக்மாச்கா என்ற கிராமத்துக்குத் தெற்கே நடந்ததை ரஷ்ய ட்ரோன் படமெடுத்து உலகம் முழுக்கப் பரப்பியது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். லெப்பர்ட்டும், அமெரிக்கா கொடுத்த பிராட்லி கவச வண்டியும் ஒரே திறந்த வயலில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். முன்னால் போய் கண்ணிவெடியை அகற்ற வேண்டிய வண்டி மாட்டிக்கொண்டது. பின்னால் வந்தவை விலகப் பார்த்து அவையும் மிதித்தன. வானத்தில் ரஷ்யாவின் கா-52 ஹெலிகாப்டர்கள், தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் எட்டாத தூரத்தில் நின்று ஏவுகணை விட்டன. துரத்த உக்ரைனிடம் அதற்கேற்ற விமானம் இல்லை. எஃப்-16 வந்ததாக அறிவித்தது 2024 ஆகஸ்டில். ஒரு பாதையைச் சுத்தம் செய்தால் மறுநாள் ராக்கெட் வழியாக அதிலேயே மறுபடி கண்ணிவெடி தூவினார்கள். கடைசியில் வண்டிகளை நிறுத்திவிட்டு, மரவரிசைகளை ஒட்டிச் சிறு சிறு குழுவாக நடந்தே போனார்கள். ஒரிகிவிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ரோபோடினே கிராமத்தைப் பிடிக்க ஆகஸ்ட் கடைசி ஆயிற்று. இலக்காக இருந்த தொக்மாக்கை எட்டவே இல்லை.

மேற்கைக் குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்வது உக்ரைன் ஆதரவாளர்களின் வழக்கம், அதை நான் ஏற்பதில்லை. அந்தக் கோடையில் படையை மூன்று திசைகளில் பிரித்தது கீவின் முடிவு. கிழக்கே பாக்முத் நகரில் அனுபவம் வாய்ந்த பிரிகேடுகளை வைத்துக்கொண்டு, முதல் உடைப்புக்குப் புதியவர்களை அனுப்பியதும் அவர்கள்தான். ஆள் திரட்டும் வயதை 27இலிருந்து 25 ஆகக் குறைக்கும் சட்டத்தில் செலன்ஸ்கி கையெழுத்திட்டது 2024 ஏப்ரலில். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றி ஏறத்தாழ ஒரு வருடம் மேசையில் கிடந்த சட்டம் அது. டாங்கை வெளியிலிருந்து வாங்கலாம். ஆளை வாங்க முடியாது.

இனி குண்டு. டாங்கும் விமானமும் யூடியூப் முகப்புப் படத்துக்கு நன்றாக இருக்கும். போரை நடத்துவது 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு. அதில்தான் இந்தப் போரின் சோகக்கதையே இருக்கிறது.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்க்ராண்டன் என்ற ஊர். அங்கே 1908 வாக்கில் ரயில் என்ஜின்களைப் பழுதுபார்க்கக் கட்டிய செங்கல் கொட்டகைகளில் அமெரிக்கா இந்தக் குண்டின் ஓடுகளைச் செய்கிறது. நீளமான இரும்புத் தண்டைத் துண்டு போட்டு, உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அச்சில் அழுத்தி நடுவே குடைவார்கள். பிறகு கடைசல், மூக்கைச் சுருக்குதல், மறுபடி சூடு, பெயின்ட். வெறும் ஓடு தயார். அது லாரி ஏறி அயோவா மாநிலத்து ஆலைக்குப் போய் வெடிமருந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். முழுதாக ஒரு குண்டு ஏறத்தாழ 45 கிலோ. போருக்கு முன் அமெரிக்கா மொத்தமாக மாதத்துக்குச் செய்தது சுமார் 14,000 குண்டு. 2023 கோடையில் உக்ரைன் ஒரு நாளைக்குச் சுட்டது ஆறாயிரத்துக்கும் மேல். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சரி, ஆலையைப் பெருக்கலாமே என்றால் வெடிமருந்து எங்கே? 1986க்குப் பிறகு அமெரிக்கா சொந்தமாக டி.என்.டி. தயாரிக்கவே இல்லை, பெரும்பாலும் போலந்திலிருந்துதான் வாங்கியது. ஐரோப்பாவுக்கு இன்னொரு சிக்கல், இது உங்களுக்கு உடனே புரியும். குண்டை உந்தித் தள்ளும் மருந்துக்கு நைட்ரோசெல்லுலோஸ் வேண்டும். அதற்கு மூலப்பொருள் பருத்தி லிண்டர். ஜின்னிங்கில் பஞ்சு பிரிந்த பிறகும் கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை இழை. ஐரோப்பா அதைப் பெரும்பகுதி சீனாவிலிருந்து இறக்குமதி செய்துவந்தது! ரஷ்யாவின் மிகப்பெரிய வாடிக்கையாளர் நாட்டிலிருந்து பஞ்சு வாங்கி, ரஷ்யா மேல் போடும் குண்டுக்கு மருந்து செய்கிற ஏற்பாடு. பன்னிரண்டு மாதத்தில் பத்து லட்சம் குண்டு தருகிறோம் என்று 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் வாக்குக் கொடுத்தது. கெடு முடிந்தபோது பாதிதான் போயிருந்தது.

இந்தப் பின்னணியில் 2023-24 குளிர்காலத்தைப் பாருங்கள். வாஷிங்டனில் மசோதா மெக்சிகோ எல்லைப் பிரச்சினையில் சிக்கிக்கொண்டது. உக்ரைன் பீரங்கிகள் நாளொன்றுக்கு இரண்டாயிரம் குண்டுக்கு இறங்கின, எதிரில் அதைப்போல நான்கைந்து மடங்கு. 2014 முதல் பத்து வருடம் விழாமல் நின்ற கிழக்கு உக்ரைன் நகரம் அவ்தீவ்கா 2024 பிப்ரவரி 17 அன்று கைவிடப்பட்டது. குண்டுப் பஞ்சம் ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பொய்யாகும். இறக்கை மாட்டிய அரை டன் கிளைடு குண்டுகளை ரஷ்ய விமானங்கள் தூரத்திலிருந்தே நழுவவிட்டன, ஊருக்குப் பின்னால் இரண்டாவது அரண் வரிசையை உக்ரைன் நேரத்தில் தோண்டி வைக்கவும் இல்லை. ஆனாலும் ஒரு பேட்டரிக்கு, அதாவது சில பீரங்கிகள் கொண்ட ஒரு குழுவுக்கு, நாளைக்குப் பத்துக் குண்டு என்று ரேஷன் வைத்தால், தாக்க வரும் காலாட்படை பட்டப்பகலில் நடந்து வரும். அதுதான் நடந்தது. செக் குடியரசு உலகம் முழுக்கத் தேடி வாங்கிய குண்டு வந்து சேர்ந்ததும், ஏப்ரல் மசோதா நிறைவேறியதும் அதற்குப் பிறகு. அவ்தீவ்காவில் திறந்த கதவு வழியாகத்தான் ரஷ்யா போக்ரோவ்ஸ்க் வரை வந்தது. அந்த 45 கிலோமீட்டருக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2024 முழுக்க ரஷ்யா பிடித்தது சுமார் 4,000 சதுர கிலோமீட்டர், உக்ரைன் பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

உங்கள் கடிதத்தில் ‘வெளிநாட்டு உதவி’ என்றாலே உக்ரைனுக்கு வருவது என்றே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான். 2023 செப்டம்பரில் கிம் ஜோங் உன் ரயிலேறிப் போய் புதினைச் சந்தித்த கையோடு வடகொரியக் குண்டுகள் ரஷ்யாவுக்குப் போக ஆரம்பித்தன. அந்த நாட்டில் எந்த நாடாளுமன்றமும் ஆறு மாதம் விவாதம் நடத்தவில்லை. 2024 கடைசியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வடகொரியச் சிப்பாய்கள், உக்ரைன் படை புகுந்திருந்த ரஷ்ய எல்லைப் பகுதியான குர்ஸ்கில் இறங்கினார்கள். இரான் முதலில் ஷாஹெத் ட்ரோன்களை விற்றது, பிறகு தயாரிக்கும் வித்தையையே கொடுத்தது. இப்போது ரஷ்யாவின் டாட்டர்ஸ்தானில் அலாபுகா ஆலையில் அவை ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. 2025 செப்டம்பர் 7 அன்று ஒரே இரவில் 800க்கும் மேல் ஏவினார்கள். அவற்றை வீழ்த்த பேட்ரியாட் என்ற அமெரிக்க வான்காப்பு ஏவுகணையை எடுக்க முடியாது. ஒரு ஏவுகணை சுமார் நாற்பது லட்சம் டாலர், உலகம் முழுமைக்கும் சேர்த்து அதன் புதிய ரகத்தில் ஆண்டுக்குச் சில நூறுதான் தயாராகின்றன. அதைப் பாலிஸ்டிக் ஏவுகணைக்கென்று பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். ட்ரோனைத் துரத்த சில ஆயிரம் டாலரில் உக்ரைனே வேறு ட்ரோன் செய்துகொண்டது.

வரைபடத்தில் தெரியாத முன்னேற்றமும் ஒன்று உண்டு. கருங்கடல். 2022இல் நம் கடைகளில் சூரியகாந்தி எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியது நினைவிருக்கும். ஒடேசா துறைமுகம் அடைபட்டதன் விளைவு அது. சொல்லும்படியான கடற்படை இல்லாத உக்ரைன், சொந்தத் தயாரிப்பான நெப்டியூன் ஏவுகணை, சொந்தக் கடல் ட்ரோன்கள், அதோடு பிரிட்டனும் பிரான்சும் கொடுத்த நீள்தூர ஏவுகணைகள் ஆகியவற்றை வைத்து ரஷ்யக் கடற்படையை கிரிமியாவின் செவஸ்தபோலிலிருந்து ரஷ்யத் துறைமுகமான நோவோரோசிஸ்க் பக்கம் ஒதுங்க வைத்தது. 2023 ஜூலையில் ரஷ்யா தானிய ஒப்பந்தத்தை முறித்த பிறகும் கப்பல்கள் போய்வந்தன. தரையில் கோடு ஒரு மில்லிமீட்டர் நகராத அதே மாதங்களில் நடந்தது இது. போர்முனை வரைபடம் கடலை நீல நிறத்தில் விட்டுவிடும், அதனால் யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

தரையிலும் இப்போது கோடு என்று ஒன்று கிடையாது. இருபக்கமும் ட்ரோன் கண்ணில் படும் பத்து, பதினைந்து கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு சாவுப் பட்டை. அதில் வண்டி ஓடாது. குர்ஸ்கில் தான் பிடித்து வைத்திருந்த சுட்ஜா என்ற ஊரை 2025 மார்ச்சில் உக்ரைன் இழந்தபோது, ட்ரம்ப் நிர்வாகம் ஒரு வாரம் உளவுத் தகவலை நிறுத்தியதுதான் காரணம் என்று பலரும் எழுதினார்கள். உதவியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல உதாரணம் மாதிரி தோன்றும். ஆனால் உக்ரைனின் சுமியிலிருந்து சுட்ஜாவுக்குப் போகும் ஒரே நல்ல சாலையை, ரேடியோவுக்குப் பதில் கண்ணாடி இழை வழியாக இயக்கும், அதனால் சிக்னல் குழப்பத்துக்கு மசியாத ட்ரோன்களை வைத்து ரஷ்யா பிப்ரவரியிலேயே அறுத்துவிட்டிருந்தது. கடைசி நாட்களில் ரஷ்யச் சிப்பாய்கள் பழைய எரிவாயுக் குழாய்க்குள் ஊர்ந்து வந்து வெளிப்பட்டார்கள். உளவு நிறுத்தம் விழுகிறவனுக்குக் கொடுத்த இன்னொரு தள்ளு, அவ்வளவுதான்.

இந்த மாற்றத்தைச் சரியாகப் படித்த நாடு என்று நான் நினைப்பது டென்மார்க். தன்னிடம் இருந்த 19 சீசர் பீரங்கிகளையும் 2023இலேயே தூக்கிக் கொடுத்துவிட்டது. இனிக் கொடுக்கக் கிடங்கில் இல்லை. ஐரோப்பிய ஆலையில் ஆர்டர் போட்டால் வரிசையில் நிற்க வேண்டும். உக்ரைனில் போஹ்தானா என்ற பீரங்கியைச் செய்யும் ஆலை, திறன் இருந்தும் பணமில்லாமல் குறைவாக ஓடிக்கொண்டிருந்தது. 2024இல் டென்மார்க் அங்கேயே பணத்தைக் கட்டியது. 18 பீரங்கிகள் சில மாதத்துக்குள் படையிடம் போய்ச் சேர்ந்தன. கப்பல் இல்லை, எல்லை இல்லை, உதிரிபாகத்துக்கு வேற்று நாட்டுக்கு எழுத வேண்டியதில்லை. 2025இல் அமெரிக்கா பெரிய உதவி மசோதா எதையும் கொண்டுவராமல், ஐரோப்பா காசு கொடுத்தால் ஆயுதம் விற்கிறேன் என்ற நிலைக்குப் போனபோது, இந்த டேனிஷ் வழி இல்லாமல் இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

உதவிதான் போரை நீட்டிக்கிறதா? ஆமாம், நீட்டிக்கிறது. அடிபடுகிறவனுக்குத் தடி கொடுத்தால் சண்டை நீளத்தான் செய்யும். ஆனால் உதவி இல்லாமல் முடிந்திருக்கும் போர் எப்படி முடிந்திருக்கும் என்பதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. 2022 வசந்தத்தில் இஸ்தான்புல் பேச்சில் புழங்கிய வரைவுகள் பின்னால் வெளியாயின. உக்ரைன் ராணுவம் 85,000 பேருக்கு மேல் கூடாது, டாங்க் 342க்கு மேல் கூடாது என்பது ரஷ்யத் தரப்பு. மறுபடி தாக்கப்பட்டால் உத்தரவாதம் தந்த நாடுகள் காப்பாற்ற வரும், ஆனால் அதற்கு எல்லா உத்தரவாத நாடுகளும் சம்மதிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்த நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று! அதே வாரங்களில்தான் ரஷ்யர்கள் விட்டுப்போன, கீவை ஒட்டிய புச்சாவின் தெருக்களில் கிடந்த பிணங்களை உலகம் பார்த்தது. இதற்குப் பிறகு கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு நாட்டை யார் வற்புறுத்த முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் குறை சொல்வது உதவி கொடுத்ததை அல்ல, அளந்து அளந்து கொடுத்ததை. தோற்காத அளவுக்கு உடனே, ஜெயிக்கிற அளவுக்கு ஆறப்போட்டு. அதற்கு பைடன் நிர்வாகம் சொன்ன காரணம் அணு ஆயுத அச்சம். அது வெறும் சாக்கு என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2022 இலையுதிர் காலத்தில் அந்த ஆபத்து நிஜமாகவே இருந்ததாக அப்போதைய சி.ஐ.ஏ. தலைவர் வில்லியம் பர்ன்ஸ் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் நீள்தூர ஏவுகணையால் ரஷ்ய மண்ணுக்குள் அடிக்க முதலில் மறுத்த அனுமதி 2024 நவம்பரில் வந்தபோது, உலகம் அழியவில்லை. ரஷ்ய விமானங்கள் இடம் மாறிப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது, அதனால் பலனும் பெரிதாக இல்லை.

உங்கள் ஊர் விஷயம். அந்த 25 சதவீத அபராதத்துக்கு நியாயம் கற்பிக்க நான் தயாராக இல்லை. இந்தியாவைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்கிய சீனா மேல் அப்படி ஒரு அபராதம் விழவில்லை. சீனாவிடம் அரிய மண் தாதுக்கள் இருந்தன. நம்மிடம் டி-சர்ட் இருந்தது. இதைப் போரின் கணக்கில் எழுதாதீர்கள், ஆள் பார்த்து அடிக்கும் வாணிபத்தின் கணக்கில் எழுதுங்கள். தள்ளுபடி எண்ணெயின் லாபம் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போயிற்று, தண்டம் தையல்காரர் தலையில் விழுந்தது என்ற உங்கள் ஊர்க்காரர்களின் ஆத்திரம் நியாயமானது. அதை டெல்லியிடம் கேட்க வேண்டும்.

வரைபடத்துக்கு வருகிறேன். நான் பார்ப்பது டீப்ஸ்டேட் என்ற இணைய வரைபடம். உக்ரைன் தரப்பு ஆட்கள் நடத்துவதுதான், ஆனாலும் தங்கள் படை இழந்த இடத்தைத் தங்கள் தளபதிகளுக்குப் பிடிக்காவிட்டாலும் போட்டுவிடுவார்கள். அதில் சாம்பல் நிறப் பட்டையைக் கவனியுங்கள், யார் கையிலும் இல்லாத இடம் அது. உங்கள் இரண்டு சேனல்களும் சண்டை போடுவது பெரும்பாலும் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கும். ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு ஊரைப் பிடித்தோம் என்றால் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். 2025 நவம்பரில் குபியான்ஸ்க்கைப் பிடித்துவிட்டதாக மாஸ்கோ அறிவித்தது, நம் தமிழ்ச் சேனல்களும் அன்றிரவே கொடியேற்றிவிட்டன. டிசம்பர் 12 அன்று செலன்ஸ்கி அந்த ஊர் எல்லையில், குண்டு துளைத்த ஊர்ப் பெயர்ப் பலகை முன்னால் நின்று வீடியோ எடுத்துப் போட்டார்.